'மாஸீவ்' என்றால் பெரிய மேசை இல்லை

தம்பி, ஸ்டுட்கார்ட்டில் அறை கிடைத்திருக்கிறது, பழைய மேசை விளம்பரம் ஒன்றில் ஜெர்மனில் 'ஐஹெ மாஸீவ்' என்று போட்டிருக்கிறது, அவ்வளவு பெரிய மேசை சின்ன அறைக்குள் நுழையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாம் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேளுங்கள், சொல்வார்கள். மேசைக்கு வருகிறேன்.

'மாஸிவ்' என்றால் பிரமாண்டம் என்ற ஆங்கில ஞாபகத்தில் படித்தால் இப்படித்தான் குழம்பும். ஐஹெ என்பது ஓக் மரம். ஒரு பொருளை மாஸீவ் என்றால் உள்ளும் புறமும் ஒன்றே, கெட்டி. முலாம் இல்லாத தங்கமும் மாஸீவ், செங்கல் வீடும் மாஸீவ். வகுப்பில் 'அவுஸ் மாஸீவர் ஐஹெ' என்று விகுதியோடு முன்னால் வைக்கச் சொல்வார்கள். விளம்பரத்தில் பின்னால் மொட்டையாக நிற்கும்.

கவனிக்க வேண்டியது மற்ற சொற்களை. 'டைல்மாஸீவ்' என்றால் சில பாகம் மட்டும், பெரும்பாலும் முகப்பு, கெட்டி மரம். 'ஃபூர்னியர்ட்' என்றால் வினீர், அதாவது மெல்லிய மரத்தகடு, மேலே ஒட்டியது. 'ஸோனோமா ஐஹெ' அநேகமாகப் பார்ட்டிகிள் போர்டின்மேல் (மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை) ஓக் படம் அச்சிட்ட தாள். அந்தப் பெயரில் மரமே கிடையாது! முதுகுப் பலகை, இழுப்பறையின் அடிப்பலகை தவிர எல்லாமே கெட்டி மரமாக இருந்தால்தான் மாஸீவ் என்று டிஐஎன் 68871 என்ற ஜெர்மன் தர விதி சொல்கிறது. தனியாள் விற்கும்போது அதை யார் பார்க்கிறார்கள்? நீங்களே குனிந்து பலகையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை ஓரத்திலும் இறங்கினால் மரம். திருகு ஓட்டைக்குள் தூள் தூளாகத் தெரிந்தால் போர்டு.

நான் வந்த புதிதில் வீட்டில் சிங்க்கூடக் கிடையாது, சீலிங்கில் விளக்குக்குப் பதில் இரண்டு ஒயர் தொங்கியது. ஊர் திரும்பிய நம்மவர் ஒருவர் 'ஓக் பீரோ' என்று ஒன்றைத் தலையில் கட்டினார். தரை துடைத்த ஈரத்துக்கே அடிப்பக்கம் ஊறின ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் அதே வியாபாரம்தான், 'நம்ம பையன்' என்ற பாசத்தோடு. எனக்கு அப்புறம் வாய்த்த மேசை, வீட்டைக் காலி செய்த ஒரு ஜெர்மன் பாட்டியுடையது. மஞ்சள் கறை படிந்தால் உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் போடுவேன், புதிதாகிவிடும். வினீரில் அப்படித் தேய்த்தால் உள்ளே இருக்கும் போர்டு பல்லைக் காட்டும்.

நீள அகலத்தை விற்பவரிடமே கேட்டுவிடுங்கள். லிஃப்ட் இல்லாத வீடென்றால் தூக்க இன்னோர் ஆளையும் கூட்டிப் போங்கள், ஓக் கனம்.