குவாரி வெடியும் லயத்துச் சுவரும்: 'அளவுக்குள்தான் இருக்கிறது' என்று சொல்லிவிட்டால்?

கேள்வி: பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் இருக்கிறோம். எதிர்மலையில் கல்குவாரி. கிழமைக்கு இரண்டு மூன்று தரம் வெடி வைக்கிறார்கள். கூரைத் தகரம் கிடுகிடுக்கிறது. காம்பராச் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது. பீலித் தண்ணீரும் குறைந்துவிட்டது. முறைப்பாடு செய்தோம். ஒரு நாள் அதிர்வு அளக்கும் மெஷினோடு வந்து பார்த்தவர்கள் 'அளவுக்குள்தான் இருக்கிறது' என்று சொல்லிப் போய்விட்டார்கள். இனி என்ன செய்யலாம், சேர்?

பதில்: தங்கச்சி, அந்த ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடாது. எந்த வெடியை அளந்தார்கள், மெஷினை எங்கே வைத்தார்கள், அன்றைக்கு எவ்வளவு வெடிமருந்து போட்டார்கள் என்று தெரியாமல் 'அளவுக்குள்' என்பதற்குப் பெறுமதி கிடையாது.

மூன்றிலும் மருந்துக் கணக்குத்தான் பெரியது. குவாரியில் பல துளை போட்டு மருந்து நிரப்பினாலும் எல்லாவற்றையும் ஒரே அடியாக வெடிக்க விடுவதில்லை. மில்லிசெக்கன் கணக்கில் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வெடிக்கும். உங்கள் வீட்டுக்கு வரும் அதிர்வைத் தீர்மானிப்பது முக்கியமாக ஒரே நேரத்தில் வெடிக்கும் மருந்தின் எடைதான். மொத்த எடை அல்ல. பொதுவாகப் பாவிக்கும் சூத்திரத்தின்படி அந்த எடை நான்கு மடங்கானால் அதிர்வு ஏறக்குறைய மூன்று மடங்காகும். இதைத் திருப்பிப் பாருங்கள்: அளக்க வந்த நாளில் மட்டும் வழமையான மருந்தில் காற்பங்கு போட்டிருந்தால், மெஷின் காட்டியது வழமையான அதிர்வில் மூன்றில் ஒரு பங்கைத்தான். அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நடக்கவில்லை என்பதைப் பதிவு காட்ட வேண்டும்.

ஆகவே, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்துக்கு எழுதுங்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குவாரிக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது அவர்கள்தான். அனுமதிப்பத்திர நிபந்தனைகள், அளந்த அறிக்கை, அன்றைய வெடிப் பதிவு, அதற்கு முந்திய சில மாதங்களின் வெடிப் பதிவு எல்லாவற்றையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. வெடிப் பதிவில் துளைகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் போட்ட மருந்து, இடைவெளி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுபடி அளக்க வந்தால் கிட்ட நின்று பாருங்கள். குவாரியைப் பார்த்த பக்கச் சுவரின் அடியில், இறுகிய மண்ணில் கருவியைப் புதைத்தோ ஆணி இறக்கியோ வைக்க வேண்டும். பாதையோரத்திலோ பொருமிக்கிடக்கும் இஸ்தோப்புச் சீமெந்திலோ சும்மா வைத்தால் சரிவராது. காட்டும் எண்ணையும் நேரத்தையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

எண்கள் இரண்டு வரும். நில அதிர்வு செக்கனுக்கு இத்தனை மில்லிமீற்றர் என்று வரும். காற்றழுத்தம் டெசிபலில் வரும். தகரம் அடித்துக்கொள்வது பெரும்பாலும் வெடியின் காற்றழுத்தத்தால்தான். பயமாக இருக்கும், ஆனால் சுவரில் விரிசல் விழப் பொதுவாக அது போதாது. மனித உடம்பு செக்கனுக்கு 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த அதிர்வையே உணர்ந்துவிடும். மெதுவாக ஆடும், அதாவது அதிர்வெண் குறைந்த அதிர்வுக்கு ஜேர்மன் தரம் சாதாரண வீடுகளுக்கு 5 மில்லிமீற்றர் என்றும், எளிதில் சேதமாகக்கூடிய பழங்கட்டடங்களுக்கு 3 என்றும் வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய லயத்தை அந்த 3இல் வைத்துப் பார்ப்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. முறைப்பாட்டில் சுவர் எதனால் கட்டியது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

உங்கள் பக்கத்துக்கும் பதிவு வேண்டும். ஒரு கொப்பியில் ஒவ்வொரு வெடியின் திகதி, நேரம், சைரன் ஊதியதா என்பதைக் குறித்து வாருங்கள். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அடிமட்டம் வைத்துப் போனில் படமெடுங்கள். உள்ளே ஒட்டடையும் பழைய சுண்ணாம்பும் இருந்தால் அது பழைய விரிசல். அதை மறைக்காமல் பழையது என்றே எழுதுங்கள். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளும் எடுபடாது. கல் பறந்து வந்து விழுந்தால் மட்டும் கொப்பியோடு நிற்காதீர்கள்; அன்றே பொலிஸில் முறையிடுங்கள்.

பீலிக்குக் கிழமைக்கு ஒரு தரம் அதே வாளியை வைத்து, நிரம்ப எத்தனை செக்கன் என்று பாருங்கள். மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். தண்ணீரையும் சுவரையும் தனித்தனியாகப் பார்க்கவும் கூடாது. உமா ஓயா நீர்த் திட்டத்தில் 2014 கடைசியில் சுரங்கப்பாதைக்குள் நிலத்தடி நீர் பீறிட்டபோது பண்டாரவளையில் கிணறுகள் வற்றின, வீடுகளிலும் விரிசல் விழுந்தது. நிலத்தடி நீர் இறங்கினால் மேல்மண் அமுங்கும். சுவர் பிளக்க வெடி அதிர்வே தேவையில்லை. குவாரிக் குழி ஆழமாகப் போயிருந்தால் இதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு அதிகக் கவலை வேறொன்றில். விரிசல் சுவரோடு நிற்காமல் வாசல் நிலத்திலும் ஓடுகிறதா? கதவு புதிதாக இறுகுகிறதா? மேட்டுப்பக்க மரங்கள் சாய்கின்றனவா? அப்படியானால் மலைச்சரிவே நகர்ந்துகொண்டிருக்கலாம். குவாரி வழக்கு முடியும் வரை அது காத்திருக்காது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். உடனே கிராம உத்தியோகத்தர் ஊடாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை வரவழையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கும் வரை, மழை விடாமல் பெய்யும் இரவுகளில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் அந்தக் காம்பராக்களில் படுக்க வைக்காதீர்கள்.