ஆந்தை பத்தி கேளுங்க: சேலம், ஏற்காடு கேள்வி பதில்

கேள்வி (அஸ்தம்பட்டி): அண்ணா, அழிஞ்சுபோச்சுன்னு நெனச்ச ஃபாரஸ்ட் ஆவ்லெட்னு ஒரு சின்ன காட்டு ஆந்தை திரும்ப கெடச்சுதாமே. எங்க எதிர் மரத்துல பகல்லயே ஒரு குட்டி ஆந்தை உக்காந்திருக்கு, அதுவா?

பதில்: இல்லப்பா, அது புள்ளி ஆந்தை, தலையில வெள்ளைப் புள்ளி நெறைய இருக்கும் பாரு. ஃபாரஸ்ட் ஆவ்லெட்டுக்கு தலையில புள்ளி ரொம்ப கம்மி, அது நம்ம பக்கம் கெடையாது, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், குஜராத்ல இருக்கற தேக்குக் காடுங்கதான் அதுக்கு. 1884க்கு அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல அத யாரும் பாக்கல. நடுவுல 1914ல குஜராத்ல புடிச்சதா ஒருத்தர் எழுதி வச்சது மியூசியத்துல திருடுன பழைய பறவைக்கு புது லேபிள் ஒட்டுன மோசடின்னு பறவை ஆராய்ச்சியாளர் பமீலா ராஸ்முசென் கண்டுபுடிச்சாங்க, அந்தப் பொய்ய ஒதுக்கிட்டு உண்மையான பழைய எடங்களுக்கே போய் தேடி 1997 நவம்பர்ல மகாராஷ்டிரா ஷஹாதா பக்கத்துல பாத்துட்டாங்க. ஆனா கெடச்சதோட முடியல, மரம் வெட்டறதும் காட்ட வயலாக்கறதும் இன்னும் நடக்குது.

கேள்வி (ஏற்காடு): தோட்டத்துல ஒரு பழைய பலா பாதி பட்டுப்போச்சு. வெட்டிட்டு சில்வர் ஓக் மரம் வச்சா மிளகுக் கொடி ஏத்தலாம்னு வீட்ல சொல்றாங்க. அதுல பொந்து இருக்கு சார்.

பதில்: வெட்டாதீங்க, கெஞ்சி கேக்கறேன். பொந்துல வாழற ஆந்தை எதுவும் தானா மரத்த கொத்தி பொந்து போடாது, கெளை உடைஞ்சு உளுத்துப்போன எடமோ மரங்கொத்தி விட்டுட்டுப் போன பொந்தோதான் வேணும், அது உருவாக பல வருஷம் ஆகும். நேரா வளர்ற சின்ன சில்வர் ஓக்ல அதுக்கு எங்க போகும்? அங்க மத்தியப் பிரதேசத்துல ஃபாரஸ்ட் ஆவ்லெட்டுக்கும் இதே மாதிரி பொந்து கெடைக்காததுதான் பிரச்சனை. தோட்டத் தொழிலாளர் இருக்கற லைன் வீட்டு மேல சாயற மாதிரி இருந்தா அந்தக் கெளைய மட்டும் எறக்குங்க, அடிமரம் நிக்கட்டும். மிளகு அதுலயும் ஏறும்.

கேள்வி (வாழப்பாடி): எலித் தொல்லை தாங்கல, எலி கேக் வைக்கலாமா?

பதில்: வேணாங்க. தின்ன எலி உடனே சாகாது, தள்ளாடிட்டு திரியும், அத கூகை ஆந்தை சுலபமா புடிச்சு தின்னும், வெஷம் அதுக்கும் ஏறும். வயல்ல பறவை தாங்கி, அதாவது பறவை உக்கார்றதுக்கு குச்சி, நடுங்க, ராத்திரி அதுல உக்காந்தே புடிக்கும்.

கேள்வி (ஓமலூர்): ஆந்தை வீட்டு பக்கம் கத்துனா சாவு வரும்னு ஆயா கல்லு விட சொல்லுது.

பதில்: அது ஜோடிய கூப்புடுது, அவ்ளோதான். ஆயாகிட்ட எலி புடிக்கற கதைய சொல்லுங்க.

கேள்வி (ஏற்காடு): ஆந்தைக் குஞ்சு கீழ விழுந்து கெடக்கு, வீட்டுக்கு எடுத்துட்டு வரட்டா?

பதில்: வேண்டாம்மா. காயம் இல்லன்னா அதே மரத்துல நாய் எட்டாத கெளையில வச்சுட்டு தள்ளி நில்லுங்க, இருட்டுனதும் தாய் வந்து ஊட்டும், மனுஷக் கை பட்டா ஒதுக்கிடும்ங்கறது பொய். ரத்தம் வந்தா அட்டைப்பொட்டியில ஓட்ட போட்டு வச்சு வனத்துறைக்கு போன் பண்ணுங்க, தண்ணி மட்டும் வாயில ஊத்தாதீங்க.