தாத்தாவின் கேஇ70-ஆ, டர்போ போட்ட செஃபிரோவா?

கேள்வி: எனக்கு 23 வயது, கிள்ளானில் இருக்கிறேன். டிரிஃப்டிங் (காரின் பின்பக்கத்தைச் சறுக்கவைத்து ஓட்டுவது) பழக ஆசை. கையில் 18,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். நிஸான் செஃபிரோ ஏ31 ஒன்று 13,000 வெள்ளிக்கு வருகிறது. எஸ்ஆர்20டிஇடி டர்போ என்ஜின் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கெரானில் (கார் பதிவுப் பத்திரத்தில்) பழைய என்ஜின் நம்பர்தான் இருக்கிறது; "அலுவலக வேலையை முடித்துத் தரும் ரன்னரிடம் கொடுத்தால் செட்டில் ஆகிவிடும்" என்கிறார் விற்பவர். இன்னொரு பக்கம், இறந்துபோன தாத்தாவின் டொயோட்டா கொரோலா கேஇ70 வீட்டுக்குப் பின்னால் நாலு வருஷமாகச் சும்மா நிற்கிறது. 1.3 கியர் கார். அதில் எப்படி டிரிஃப்ட் பண்ணுவாய் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: தாத்தாவின் காரில் தொடங்குங்கள், தம்பி. அந்தச் செஃபிரோ பக்கமே போகாதீர்கள்.

ஏ31 நல்ல கார்தான். பின்சக்கர இழுவை, நிஸான் சில்வியா எஸ்13-இல் உள்ளதைப் போன்ற சஸ்பென்ஷன், உதிரிபாகமும் கிடைக்கும். குறை காரில் இல்லை, நீங்கள் சொல்லும் அந்த ஒரு காரில் இருக்கிறது. எஸ்ஆர்20டிஇடி எஸ்13-இல் 205 குதிரைத்திறன் தரும் என்ஜின். அது உள்ளே இருக்க, கார் 13,000 வெள்ளிக்கு வருகிறது என்றால், விலை ஏன் இறங்கியது என்பதற்கான பதில் கெரானிலேயே எழுதியிருக்கிறது. கெரானில் ஒரு நம்பர், என்ஜினில் இன்னொரு நம்பர். உரிமை மாற்றத்துக்காக, வாகனப் பரிசோதனை நிறுவனமான பூஸ்பாகோமில் பி5 பரிசோதனைக்கு நிறுத்தினால் அங்கேயே தடுத்துவிடுவார்கள். கார் உங்கள் பெயருக்கு வராது, பணம் திரும்பாது.

"ரன்னர் பார்த்துக்கொள்வார்" என்பதைக் கேட்டதும் எழுந்து வந்துவிட வேண்டும். என்ஜின் மாற்றத்துக்கு முறையான வழி இருக்கிறது: முதலில் ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, பிறகு பூஸ்பாகோம் பரிசோதனை, அதன்பின் கெரானில் புதிய நம்பர். அனுமதி கேட்கும்போது அந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஹாஃப்-கட் (வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்) கடையின் ரசீதும் சுங்கத்துறைத் தாளும் வேண்டும். விற்பவரிடம் அந்த இரண்டையும் கேளுங்கள். தாள் உண்மையாகவே இருந்தால் அவரே நேராகப் போய் மாற்றியிருப்பார், ரன்னர் எதற்கு? ரன்னர் செய்வது இரண்டில் ஒன்று. முன்பணம் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுப்பார், இல்லையென்றால் போலித் தாள் கொடுப்பார். போலித் தாள் பிடிபடும் நாளில் ரன்னர் இருக்க மாட்டார், கெரானில் பெயர் போட்ட நீங்கள்தான் நிற்பீர்கள்.

இதில் எனக்குக் கோபம் வருவது ரன்னர்கள்மேல் மட்டும் இல்லை. ஒழுங்காக விண்ணப்பிக்கும் பையனை இந்தக் கவுண்டர், அந்தக் கவுண்டர், இன்னொரு கடிதம் என்று அலையவிட்டால், அவன் கடைசியில் வாசலில் நிற்கும் ரன்னரிடம்தான் போய் விழுவான். என்னென்ன தாள் வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி எல்லாக் கிளையிலும் ஒட்டிவைத்தாலே இந்தத் தொழிலில் பாதி படுத்துவிடும்.

வேறு எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் சேஸிஸ் நம்பரை முதலில் பாருங்கள். நம்பர் அடித்த தகட்டைச் சுற்றி புதுப் பெயின்ட், அரைத்த தடம், வெல்டிங் கோடு, எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். நசுங்கிப்போன ஒரு காரின் கெரானை வைத்துக்கொண்டு, திருடிய இன்னொரு பாடியில் அந்த நம்பரை ஏற்றுகிற வேலை இது. "டிராக்கில் மட்டும்தானே ஓட்டப்போகிறாய், கெரான் எதற்கு?" என்றும் சொல்வார்கள். டிராக்குக்கு இழுவை லாரியில்தான் போகும், ஆனால் அந்த லாரியும் பொதுச் சாலையில்தான் போகிறது. திருட்டுப் பாடி திருட்டுப் பாடிதான்.

இப்போது தாத்தாவின் கேஇ70. கார் வீட்டில் நிற்பதாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. உயிரோடு இருப்பவர் விற்கும் கார் என்றால் ஜேபிஜேயில் அவர் கைரேகை வைத்துக் கொடுத்துவிடலாம். இறந்தவர் பெயரில் உள்ள காருக்கு அது நடக்காது. வாரிசுதாரர் யார் என்று காட்டும் உத்தரவு வேண்டும். தாத்தா விட்டுப்போனது கார், வங்கிக் கணக்கு போன்ற அசையும் சொத்து மட்டும்தான் என்றால் இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அமானா ராயா நிறுவனத்தில் விண்ணப்பிக்கலாம். வீடோ நிலமோ சேர்ந்திருந்தால் நில அலுவலகம் வழியாகப் போகும், காரும் அதே உத்தரவில் வரும். உயில் எழுதியிருந்தாலோ சொத்து பெரிதாக இருந்தாலோ உயர் நீதிமன்றம். ஏற்கெனவே வீட்டை மாற்றுவதற்காக அப்பா உத்தரவு வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். பல குடும்பங்களில் வீட்டை எழுதுவார்கள், பழைய காரைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுவார்கள். அப்படியானால் விடுபட்ட சொத்தாக அதைச் சேர்க்கச் சொல்லி அதே இடத்தில் கேட்க வேண்டும். அத்தை, சித்தப்பா என்று மற்ற வாரிசுகளும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். கார் ஓடத் தொடங்கி விலை ஏறிய பிறகு கேட்பதைவிட, தகரமாக நிற்கும் இப்போதே கேட்பது நல்லது. கைரேகைக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்கிறேன் என்று இங்கேயும் ஒரு ரன்னர் வருவார். இறந்தவர் கைரேகை வைத்ததாகக் காட்டுவது குற்றம், குடும்பமே மாட்டும்.

நாலு வருஷமாக ரோடு டெக்ஸ் கட்டவில்லை என்றால், ஒரு போல்ட் வாங்குவதற்கு முன்னால் ஜேபிஜேயில் அந்தக் காரின் பதிவு இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இனி நண்பர்களின் சிரிப்புக்கு வருவோம். கேஇ70-இன் 4கே என்ஜின் 1,290 சிசி, ஏறத்தாழ 60 குதிரைத்திறன். காய்ந்த தாரில் அது பின்பக்கத்தைத் தொடர்ந்து சறுக்கவைக்காது, உண்மை. ஈரத் தரையில் சறுக்கவைக்கும். முதல் ஆறு மாதம் உங்களுக்கு வேண்டியதே ஈரத் தரைதான். வேகம் குறைவு, டயர் தேயாது, தவறு மெதுவாக நடப்பதால் எங்கே தவறினோம் என்று தெரியும். 205 குதிரைத்திறனில் அதே தவறு கண் இமைக்கும் நேரத்தில் சுவரில் முடியும்.

கார் ஓட்டத்துக்கு வரும்வரை செலவு பாதுகாப்பில்தான் போக வேண்டும். பின் ஆக்ஸிலைப் பிடிக்கும் லிங்க் கம்பிகள் பாடியோடு சேரும் இடம், முன் ஸ்ட்ரட் மேல்தளம், கால் வைக்கும் தரை மூன்றையும் ஸ்குரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். துரு உள்ளே போயிருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும். நாலு வருஷம் நின்ற காரில் பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாம் புதிதாக வேண்டும். பிரேக் ஆயில் டாட் 4 போதும். ஸ்டியரிங் பாக்ஸில் ஆட்டம் இருந்தால் மேலே உள்ள சரிசெய்யும் ஸ்குரூவைக் கொஞ்சம் இறுக்கலாம். அதிகம் இறுக்கினால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, டிரிஃப்டில் அது தானாகச் சுழல வேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிளும் பின் டிரம் ஷூவும் சரியாக இருந்தால் ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் இப்போது வேண்டாம். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். நம் வெயிலில் மூன்று நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் காற்று வாங்கவிட வேண்டும்.

பிறகு டிஃப், அதாவது இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி. சாதாரண ஓப்பன் டிஃபில் வளைவின் உள்பக்கச் சக்கரம் இலேசாகி வெறுமனே சுழலும், வெளிப்பக்கச் சக்கரம் பிடிமானத்தை விடாது. சறுக்கல் பாதியில் செத்துவிடும். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தள்ளும் எல்எஸ்டி டிஃப் வாங்க இப்போது பணம் இல்லை, ஆகவே இருக்கும் டிஃபை வெல்ட் அடிக்கலாம். கேஇ70-இல் இது சுலபம். இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டையும் கழற்றி இழுத்துவிட்டு நடு டிஃபை முன்பக்கமாக வெளியே எடுத்துவிடலாம். கிரவுன் வீலையும் (டிஃபின் பெரிய பல்சக்கரம்) பேரிங்கையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல், "துணி போட்டு மூடி அடிக்கிறேன்" என்கிற பட்டறையில் கொடுக்காதீர்கள். வெல்டிங் பொறி கிரவுன் வீல் பல்லில் ஒட்டினால் டிஃப் ஊளையிடும். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் பேரிங் உருளைகளில் குழி விழும். எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாமல் கழுவி, முதலில் சூடாக்கி, 7018 ராடால் நடுவில் உள்ள ஸ்பைடர் கியரை இரண்டு பக்க கியரோடும் சுற்றிலும் அடிக்க வேண்டும். இரண்டு இடத்தில் பொட்டு வைத்தால் போதாது, உடைந்த துண்டு கிரவுன் வீலில் மாட்டினால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். அடித்த பிறகு காய்ந்த மணலில் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் விரிசல்தான். திரும்பப் பூட்டியதும் ஜிஎல்-5 80டபிள்யூ-90 எண்ணெய், நிரப்பும் துளையில் வழியும்வரை. வெல்ட் அடித்த காரைச் சாலையில் ஓட்டாதீர்கள். மழையில் திருப்பினால் முன்பக்கம் நேரே போகும், பின்பக்கம் சொல்லாமல் விலகும். இழுவை லாரிக்கும் டிராக் வாடகைக்கும் 5,000 வெள்ளியைத் தனியே எடுத்து வையுங்கள்.

டயர் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: சேலுப் டயர் வேண்டாம். மேல்தோல் ஒட்டிய டயர் சறுக்கல் சூட்டில் உரிந்து, பட்டையாக அடித்து, ஃபெண்டரையும் பிரேக் ஹோஸையும் கிழித்துவிடும். பழைய டயர் வாங்கலாம், ஆனால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் விடுங்கள். பின்னால் 155/80ஆர்13 அளவில் கெட்டியான மலிவு டயர், 40 பிஎஸ்ஐ. முன்னால் 175/70ஆர்13 நல்ல டயர், 30 பிஎஸ்ஐ. காசை முன் டயரில் போடுங்கள், காரைத் திருப்புவது அதுதான்.

ரோல் கேஜ் (கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) இல்லாத காரில் நாலு முனை ஹார்னஸ் என்ற பந்தய பெல்ட் போடாதீர்கள். கார் கவிழ்ந்து கூரை அமுங்கினால் அது உங்களை நிமிர்த்தியே பிடித்து வைத்திருக்கும். நல்ல நிலையில் உள்ள சாதாரண பெல்ட்டே மேல். முழுமுக ஹெல்மெட், தரையோடு போல்ட் போட்ட சீட், கைக்கு எட்டும் இடத்தில் இரும்புப் பட்டையில் மாட்டிய தீயணைப்பான். பேட்டரி ஆடக் கூடாது.

இடம்தான் பெரிய தலைவலி. செப்பாங்கில் 1999-இலிருந்து உலகத் தரத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்குப் பையன் ஈரத் தரையில் சறுக்கிப் பழக, கூடைப்பந்துத் திடல் அளவில் நாலு காங்கிரீட் தளம் போட இத்தனை வருஷமாக யாருக்கும் மனம் வரவில்லை. இடம் தராமல் தண்டனையை மட்டும் ஏற்றினால் பையன்கள் தொழிற்பேட்டைக்குத்தான் போவார்கள். ஷா ஆலம் பக்கம் ராத்திரியில் "டிரிஃப்ட் வகுப்பு" என்று கூப்பிடுபவர்களிடம் போகாதீர்கள். அது பொதுச் சாலை. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆவது பிரிவில் ஆபத்தாக ஓட்டியதற்கு 5 ஆண்டுவரை சிறையும் 5,000 முதல் 15,000 வெள்ளிவரை அபராதமும் உண்டு. வாடகைக்கு எடுக்கும் கோ-கார்ட் தடம், மூடிய திடல், ஏற்பாட்டாளர் நடத்தும் பயிற்சி நாள், இவை மட்டும் போதும். பணம் கட்டும் முன் ஆம்புலன்ஸ் நிற்குமா, கொடி பிடிக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பினால் கட்டாதீர்கள்.

முதல் நாள் ஒரே ஒரு கோன், ஈரத் தரை, முதல் கியர். ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரை விடாமல், என்ஜின் 4,000 சுற்றுக்கு வந்ததும் கிளட்ச்சை ஒரு தட்டு தட்டி விடுங்கள். பின்பக்கம் விலகியதும் ஸ்டியரிங் தானே எதிர்ப்பக்கம் ஓடும், கையை இளக்கி அதை ஓடவிடுங்கள். கண் கோன்மேல் இருக்கட்டும், பானட்மேல் அல்ல. பயந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் கார் மறுபக்கம் அறைந்து திரும்பும். மெல்லத்தான் குறைக்க வேண்டும். கை மீறிச் சுழன்றுவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் ஒருசேர அழுத்துங்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் பத்துச் சுற்று நிற்காமல் வந்தபின் இரண்டாவது கோனை 15 மீட்டர் தள்ளி வைத்து எட்டுப் போடுங்கள்.

எட்டு தடையில்லாமல் வந்துவிட்டால், அப்போது என்ஜின் மாற்றுவதைப் பேசலாம். கேஇ70-க்கு 4ஏ-ஜிஇ பொருத்தமானது, 16 வால்வு ரகம் ஜப்பானில் 130 குதிரைத்திறன் தந்தது. காப்பாரிலோ ரவாங்கிலோ ஹாஃப்-கட் கடைக்குப் போகும்போது என்ஜின் நம்பரை அழுக்குத் துடைத்து நீங்களே படித்து, ரசீதில் அதே நம்பரை எழுதவைத்து, சுங்கத் தாளின் நகலைக் கையில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.