சாவியைத் தொடாதீர்கள்: நின்றுபோன என்ஜின் பற்றிக் கேள்வி பதில்

நாலைந்து வருடமாவது ஓடாமல் கிடந்த வண்டி, அதற்கு முன்பே ஓடித் தேய்ந்த என்ஜின், அதை மறுபடி ஓட வைப்பது எப்படி. இதைப் பற்றி மட்டும் கேளுங்கள். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் என்ஜின்தான் எனக்குக் கைவந்தது, பழைய டீசல் ஓரளவு தெரியும். பெயின்ட், வயரிங், என்ன விலைக்குப் போகும் என்று கேட்டால் ஒரு வரிதான் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அப்பா ஓட்டிய கார், 11 வருடமாக ஷெட்டில் நிற்கிறது. புது பேட்டரி வாங்கி மாட்டிவிட்டேன். சாவியைத் திருப்பிப் பார்க்கட்டுமா சார்?

வேண்டாம். சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

11 வருடம் சும்மா கிடந்ததில் ஆகாத சேதம் அந்த முதல் பத்து வினாடியில் ஆகிவிடும். வண்டி நின்ற அன்றைக்கு ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தபடி நின்றிருக்கும், அந்த வழியாக இத்தனை வருடமும் ஈரக்காற்று போய்வந்து போர் சுவரில் (சிலிண்டரின் உட்சுவர்) துரு ஏறியிருக்கும். சுவரில் ஒட்டியிருந்த ஆயில் எப்போதோ வழிந்து அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்புக்குப் போய்விட்டது, பேரிங்கும் காய்ந்து கிடக்கிறது. இப்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அந்தத் துருவை இழுத்துக்கொண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலச் சுவரைத் தேய்க்கும். டைமிங் பெல்ட் வண்டியாக இருந்தால் இன்னும் மோசம். பிஸ்டன்கள் சுற்றும் தண்டு கிராங்க், வால்வைத் திறக்கும் தண்டு கேம், இரண்டையும் இணைப்பது அந்தப் பெல்ட்தான். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, வயதும் கணக்கு, நின்ற இடத்திலேயே ரப்பர் செத்துப்போகும். பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். பிளக் குழிகளில் இருக்கும் தூசியை ஊதிவிட்டு எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், எது எந்தச் சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். நாலில் ஒன்று மட்டும் செம்பழுப்பாகத் துரு பிடித்து வந்தால் உங்கள் வில்லன் அந்தச் சிலிண்டர்தான். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி போட்டு, ஓடும் திசையிலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று. எங்காவது தட்டினால் நிறுத்திவிடுங்கள்.

சுற்றியது என்றால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், பெல்ட் வண்டி என்றால் பெல்ட்டையும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலி குடியிருக்கிறதா பாருங்கள், சிரிக்காதீர்கள், பாதி வண்டியில் இருக்கும். பிறகு இக்னிஷன் கோயிலின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளக் மாட்டாமலே, ஆயில் விளக்கு அணையும் வரை ஐந்தைந்து வினாடியாக செல்ஃப் அடியுங்கள். சாவிக்கு வேலை வருவதே அப்போதுதான். துளைகளின் மேல் பழைய துணி ஒன்றைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றிய ஆயில் எல்லாம் பானட்டின் உட்புறத்துக்கும் உங்கள் முகத்துக்கும் பீய்ச்சியடிக்கும்.

கேள்வி: என்னுடையது கையால் சுற்றவே மாட்டேன் என்கிறது அண்ணே. ஜாம். என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்படாதீர்கள், ஜாம் ஆன என்ஜினில் பலதும் பொறுமையாக இருந்தால் விட்டுக்கொடுக்கும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் விடுங்கள். அசிட்டோன் சீக்கிரம் தீப்பற்றும், பெயின்ட்டையும் தின்னும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். தினமும் கொஞ்சம் விட்டு ஒரு வாரம், பத்து நாள் காத்திருங்கள். தினம் ஒரு முறை கைப்பிடியில் உடம்பு பாரத்தைக் கொடுத்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். குழாயை மாட்டி நீட்டித் தொங்காதீர்கள், நட்டுதான் ஒடியும். மேனுவல் கியர் என்றால் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாம். முதலில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தது போல இருக்கும், கற்பனையோ என்று தோன்றும். புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள், கோடு நகர்ந்தால் கற்பனை இல்லை.

வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்து கிளட்சை விட்டு எடுத்துவிடலாம் என்று யாராவது வருவார்கள். ரிங் உடைந்து, அது உட்காரும் பிஸ்டன் பள்ளம் பிளந்து வந்த என்ஜின்களை நான் பார்த்ததெல்லாம் அப்படித்தான்.

கேள்வி: டேங்கில் 6 வருடப் பழைய பெட்ரோல் பாதி இருக்கிறது. மேலே புதிதாக ஊற்றிக் கலந்துவிட்டால் போதுமா?

போதாது. மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாசனைக்குப் பதில் வார்னிஷ் வாசனை வரும். காற்றில் கெட்டுப் பிசினாகிவிட்டது அது. எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், கார்புரேட்டருக்கு முதலில் போவதும் அதுதான். முழுவதும் வடித்து, டேங்க்கைக் கழற்றிக் கழுவி, ரப்பர் குழாய்களை மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் போகும் சிறு துளைகளான ஜெட்டுகளைச் சுத்தம் செய்யுங்கள். ஜெட்டில் கம்பியை விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

கேள்வி: 8 வருடம் நின்ற கார். பேட்டரி சார்ஜ் ஏற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

முதல் பதில்.

கேள்வி: பானட் பெயின்ட் வெளிறிவிட்டது, எதைப் போட்டுத் தேய்ப்பது?

பெயின்ட்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: கம்ப்ரஷன் பார்த்தேன். 1 முதல் 4 வரை: 140, 65, 60, 135 பிஎஸ்ஐ. ரிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். என்ஜின் வேலை செய்துவிடலாமா?

எண்ணோடு வந்திருக்கிறீர்கள், நன்றி. கம்ப்ரஷன் என்றால் பிஸ்டன் ஏறும்போது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு மட்டும் சேர்ந்து விழுந்திருக்கின்றன, பாருங்கள். ரிங் தேய்ந்தால் இப்படி ஜோடி சேர்ந்து தேயாது. சிலிண்டருக்கும் அதை மூடும் ஹெட்டுக்கும் இடையே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் 2-க்கும் 3-க்கும் நடுவில் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ரிங் என்றால் எண் நன்றாக ஏறும். ஏறவில்லை என்றால் கேஸ்கெட், அல்லது வால்வு. 2-இல் காற்றை ஏற்றி 3-இன் பிளக் துளையில் காதை வையுங்கள், உஸ்ஸென்று வந்தால் முடிவாகிவிட்டது. ஹெட்டைக் கழற்றினால் போதும், அடிப்பாகத்தைத் தொட வேண்டாம். ஹெட் தளம் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்காமல் புது கேஸ்கெட் போட்டுவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன், கம்ப்ரஷன் பார்க்கும்போது எல்லாப் பிளக்கும் வெளியே, ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதித்தபடி, முடிந்தால் என்ஜின் சூட்டில். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் பார்த்துவிட்டு எண் குறைகிறது என்று அழுபவர்கள் நிறைய.

கேள்வி: ஸ்டார்ட் ஆகிவிட்டது! ஆனால் நீலப் புகை தள்ளுகிறது. போர் போய்விட்டதா?

எப்போது தள்ளுகிறது என்று சொல்லவில்லையே. காலையில் எடுத்ததும் ஒரு மூட்டம் அடித்துவிட்டு நின்றுவிட்டால் வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல், இத்தனை வருடத்தில் ரப்பர் கல்லாகியிருக்கும். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க வருகிறது என்றால் ரிங். ஆனால் ரிங் என்றாலும் உடனே பிரிக்காதீர்கள். நின்ற என்ஜினில் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கும், சில நூறு கிலோமீட்டர் கொஞ்சம் பாரத்தோடு ஓடினால் விடுபட்டுவிடுவதும் உண்டு. நிறுத்தி வைத்து ஐடிலில் உறுமவிட்டால் விடுபடாது.

கேள்வி: பழைய ஆயிலில் அரை லிட்டர் டீசல் கலந்து பத்து நிமிடம் ஓடவிட்டு வடித்தால் உள்ளே பளபளவென்று ஆகிவிடுமே, அதை ஏன் நீங்கள் சொல்லவில்லை?

செய்யாதீர்கள் என்பதால்.

கேள்வி (அதே நண்பர்): 20 வருடமாகச் செய்கிறேன். என் எந்த வண்டிக்கும் ஒன்றும் ஆனதில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

உங்கள் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, நம்புகிறேன். நீங்கள் ஒழுங்காக ஆயில் மாற்றுகிறவர், கழுவுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. இங்கே பேசுவது பத்து வருடம் ஆயிலே மாற்றாமல் நின்ற என்ஜினைப் பற்றி.

கேள்வி (வேறொருவர்): நானும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியிருக்கிறேன். கரி கரியாக வந்தது. அது வந்தது நல்லதுதானே அண்ணே?

வந்தது நல்லது. வராதது எங்கே போனது?

சரி, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொழில் கற்ற புதிதில் ஒரு வேன் என்ஜினுக்கு இதைச் செய்தவன் நானேதான். டீசல் கலந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, வடித்து, புது ஆயில் ஊற்றிக் கொடுத்தேன். சத்தம் கூடக் குறைந்திருந்தது, பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் வேன் கயிறு கட்டி வந்தது. சம்பைக் கழற்றினேன். ஆயில் பம்பு உறிஞ்சும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்பிச் சல்லடை இருக்கும், அதில் கம்பியே தெரியவில்லை. கருப்பு மெழுகை விரலால் அப்பியது போல இருந்தது, சுரண்டினால் ஏடு ஏடாக வந்தது. மூலையில் காசளவுக்கு ஓர் ஓட்டை மட்டும் மிச்சம், அதன் வழியாகத்தான் மொத்த என்ஜினும் மூச்சு விட்டிருக்கிறது. பிஸ்டன் கம்பி கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங்கில் வெள்ளை உலோகம் போய்ச் செம்பு தெரிந்தது.

சுவரில் பத்து வருடமாகச் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த கசடு யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. டீசல் அதைக் கரைக்கவில்லை, இளக்கி ஏடு ஏடாக உரித்துக் கீழே அனுப்பியது. கூடவே ஆயிலையும் நீர்க்க வைத்துவிட்டது, ஏற்கெனவே தேய்ந்த பேரிங்குக்கு அதுவும் சேர்ந்துகொண்டது.

கசடு இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் சம்பைக் கழற்றிக் கையால் வழித்தெடுங்கள், சல்லடையைக் கழுவுங்கள். ஒரு மதியம் போகும், ஒரு கேஸ்கெட் ஆகும். பிறகு சாதாரண ஆயில் ஊற்றி 200 கிலோமீட்டரில் ஒரு முறை, 500-இல் ஒரு முறை மாற்றுங்கள். ஆயிலிலேயே அழுக்கை எடுக்கும் சரக்கு இருக்கிறது, மெதுவாக எடுக்கும்.

கேள்வி (20 வருட நண்பர்): அப்படியென்றால் கடையில் விற்கும் ஃப்ளஷ் எல்லாம் ஏமாற்றா?

ஒழுங்காக ஓடும் என்ஜினுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், சண்டை இல்லை. நின்ற என்ஜினுக்கு சம்பைக் கழற்றாமல் எதையும் ஊற்றிக் கழுவாதீர்கள். இதோடு கழுவுகிற பேச்சு போதும்.

கேள்வி: தேய்ந்த என்ஜினுக்குப் பவர் கூட்டும் மருந்து பாட்டில் போடலாமா?

தேய்ந்துபோன இரும்பு பாட்டிலிலிருந்து திரும்ப வராது. 20 டபிள்யூ 50 போலக் கொஞ்சம் தடித்த ஆயில் போட்டால் புகையும் சத்தமும் கொஞ்சம் அடங்கும், வண்டி அதற்குமேல் குணமாகாது.

கேள்வி: ஹெட் கழற்றியாயிற்று. போர் அடிக்காமல் ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

போர் அடிப்பது என்றால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. இந்தக் கேள்விக்கு யாரைக் கேட்டாலும் வாயால் பதில் சொல்வார்கள், அளந்து பார்ப்பவர் குறைவு. சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவுங்கள். படி போல நகம் தட்டுகிறதா? மேல் ரிங் திரும்பும் இடம் அது, சூடு அதிகம், அழுத்தம் அதிகம், ஆயில் குறைவு, அதனால் தேய்மானம் அங்கேதான் அதிகம். அதற்கு மேலே ரிங் போகாத இடம் தேயாமல் வரப்பாக நிற்கும். பழைய ரிங் அந்த வரப்புக்கு ஏற்றபடி முனை மழுங்கியிருக்கும். புது ரிங் கூரான முனையோடு போய் அதில் இடித்து உடையும்.

மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் ஒரு வழி. பழைய ரிங் ஒன்றை வெறுமனே சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளுங்கள். தேய்ந்த இடத்தில் ஒரு தடவை, அடியில் தேயாத இடத்தில் ஒரு தடவை, ரிங் வாயின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, வித்தியாசத்தை 3.14-ஆல் வகுங்கள். மேலே 0.95 மில்லிமீட்டர், அடியில் 0.32 என்றால் வித்தியாசம் 0.63, வகுத்தால் 0.2. அவ்வளவு கூம்பாகத் தேய்ந்த போரில் புது ரிங் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், பலன் இல்லை, போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடத்தான் வேண்டும். பல என்ஜின்களுக்கு 0.25, 0.50 என்று கால் கால் மில்லிமீட்டராகப் பிஸ்டன் உண்டு. பிஸ்டன் கைக்கு வந்து அதை அளந்த பிறகுதான் லேத்துக்குக் கொடுக்க வேண்டும். முதலில் போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: டீசல் வண்டிக்கும் இதேதானா?

ஏறக்குறைய. எரிபொருள் வழியில் காற்றை எடுக்க வேண்டும், பெட்ரோல் என்ஜினின் கம்ப்ரஷன் கேஜைப் போடக்கூடாது, அழுத்தம் இரண்டு மூன்று மடங்கு, கேஜ் வீணாகும். தேய்ந்த டீசல் சில சமயம் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகம் ஏறும். முதல் ஸ்டார்ட்டின்போது காற்று வரும் வாயை அடைக்க ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்திருங்கள். கையால் அடைக்காதீர்கள்.

கேள்வி: 15 வருடம் நின்ற டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர், கிக் அடித்துப் பார்த்தேன், லேசாக இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

கிராங்க் சீல் இரண்டும் காய்ந்திருக்கும். அந்த வழியாகக் காற்று புகுந்தால் கலவை மெலிந்து, சூடேறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முதலில் சீல், அப்புறம் கிக்.

கேள்வி: 5 வருடம் நின்ற கார், செல்ஃப் அடிக்கலாமா?

முதல் பதில், முதல் பதில், முதல் பதில்.

கேள்வி (முதலில் கேட்டவர்): சார், 11 வருடக் கார். நீங்கள் சொன்னதைப் படித்தேன். ஆனால் அதற்குள் மைத்துனர் வந்து ஒரு தடவை திருப்பிவிட்டார். டக்கென்று ஒரு சத்தம். இப்போது செல்ஃப் ரொம்ப லேசாகச் சுற்றுகிறது.

ரொம்ப லேசாக என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், இப்போதே. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பல என்ஜின்களில் கேம் ஷாஃப்ட் தெரியும். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருங்கள், இன்னொருவர் கிராங்க்கைக் கையால் கால் சுற்று மட்டும் சுற்றட்டும், இடித்தால் உடனே விட்டுவிடட்டும். கேமும் சேர்ந்து அசைந்தால் பிழைத்தீர்கள், பிளக்கைக் கழற்றி முதலிலிருந்து ஆரம்பியுங்கள். கிராங்க் அசைந்து கேம் நின்றால் பெல்ட் போய்விட்டது, அதற்கு மேல் ஒரு பல் கூடச் சுற்றாமல் ஹெட்டைக் கழற்ற ஏற்பாடு செய்யுங்கள். சாவியை மைத்துனர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.