பேஸ் கிட்டார் கற்பவர் யாரைக் கேட்டு வளர வேண்டும்?

பேஸ் கிட்டார் கற்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது என்றும், எந்தக் கலைஞர்களைக் கேட்டால் வாசிப்பு வளரும், உங்களை உருவாக்கியவர்கள் யார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளாகத் தேவாலயப் பாடகர் குழுவிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் பேஸ் வாசித்து வருகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பிடித்த பேஸ் கலைஞரைக் கேளுங்கள். அத்தோடு நின்றுவிடாமல், அவர் எதைக் கேட்டு வளர்ந்தாரோ அதையும் தேடிப் போய்க் கேளுங்கள். என் வாசிப்பில் ஏதாவது தேறியிருக்கிறது என்றால் அந்த இரண்டாவது தேடலால்தான் தேறியது.

பேஸ் என்றொரு குரல் இருப்பதையே நான் பேருந்தில்தான் அறிந்தேன். பேஸின் மிகத் தடித்த தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் எழும் ஒலி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரின் உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது. நான் பள்ளிக்குப் போன தனியார் பேருந்தில் கடைசி இருக்கைக்கு அடியில் ஒரு பெரிய பெட்டி இருந்தது. அதன்மேல் கால் பட உட்கார்ந்திருந்த ஒரு காலையில், 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' ஒலித்தது. வீட்டில் எத்தனையோ முறை கேட்ட பாட்டு. ஜேசுதாசின் குரலுக்குக் கீழே இன்னொருவர் தனக்கென்று ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கேட்டேன் என்பதைவிட உள்ளங்காலில் உணர்ந்தேன் என்று சொல்வதே சரி.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் இளையராஜாவின் பாடல்களில் வரும் பேஸ் வரிகளை, டேப்பை நிறுத்தி நிறுத்திப் பின்னோக்கி ஓட்டி, ஒவ்வொரு சுரமாகப் பிடித்துப் படித்தேன். அவற்றில் பலவற்றை வாசித்த சசிதரனின் பெயர் எனக்கு வெகு காலம் கழித்தே தெரியவந்தது. இருபது பாடல்களைப் பிசகாமல் வாசிக்கத் தெரிந்த பிறகும், புதிய பாடல் ஒன்றின் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) மட்டும் எழுதிக் கையில் கொடுத்தால், ஒவ்வொரு கார்டின் அடிச்சுரத்தையும் தட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பிறர் யோசித்து முடித்த முடிவை நான் மனப்பாடம் செய்திருந்தேன். அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்பது எனக்குத் தெரியாது.

இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர். 1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகவே ஓர் உருப்படிக்குப் பெயர் வைத்தவர். அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியமான செல்லோவுக்கு பாக் எழுதிய 6 தொகுதிகளுக்கு வந்து சேர்ந்தேன். முதல் தொகுதியின் தொடக்கப் பகுதியை உலகெங்கும் பேஸ் கலைஞர்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். செல்லோவின் அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஸட்ஜ பஞ்சம இடைவெளியும் பேஸில் ஸட்ஜ மத்தியம இடைவெளியும் இருப்பதால் செல்லோவின் விரலமைப்பு நமக்குப் பொருந்தாது; ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய இடத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேடலே பெரிய பயிற்சி.

அதன் முதல் நான்கு பார்களை, அதாவது தாளச் சுற்றுகளை, பொறுமையாகப் பாருங்கள். ஒவ்வொரு பாரிலும் மேலே உள்ள சுரங்கள் மாறிக்கொண்டே போகின்றன, அடியில் மட்டும் அதே ஜி சுரம் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டாம் பாரில் அது சற்று அகன்று ஒலிக்கும், மூன்றாம் பாரில் உரசும், நான்காம் பாரில் வீடு திரும்பியதுபோல் அடங்கும். இத்தனைக்கும் அந்தச் சுரம் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. தம்புராவின் சுருதியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று, ஆனாலும் பேஸைக் கையில் எடுத்தவுடன் நான் அதை மறந்திருந்தேன். பேஸ் அசையாமல் நின்றாலும் பாட்டு நகரும் என்பதை அந்த நான்கு பார்களில்தான் கற்றேன்.

நீங்கள் தவறாமல் கேட்க வேண்டிய இன்னொருவர் ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983). டெட்ராயிட் நகரின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1960களில் அவர் வாசித்த பாடல்கள் உலகெங்கும் ஒலித்தன, ஆனால் வாசித்தவரின் பெயர் உறையில் இருக்காது. 1971இல் பாடகர் மார்வின் கேயின் தொகுப்பில்தான் அது அச்சேறியது. வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டியவர் என்பதால் இளைஞர்கள் பலர் அந்த ஒற்றை விரலைப் பின்பற்றிப் பார்க்கிறார்கள். அதில் தவறில்லை. அந்த விரலோ, எழுந்து நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் ஜாஸ் வாசித்த காலத்திலிருந்து வந்த பழக்கம். அதைவிட முக்கியமாக அவர் ஜாஸிலிருந்து எடுத்து வந்தது, அடுத்த கார்டை நோக்கி நடந்து போகும் முறை: அடுத்த அடிச்சுரத்துக்கு ஒரு அரைச்சுரம் கீழேயோ மேலேயோ வந்து நின்று, சரியான தாளத்தில் உள்ளே நுழைவது. ஜாஸ் குழுக்களின் பேஸை ஒரு மாதம் கேட்டுவிட்டு ஜேமர்சனுக்குத் திரும்பினால், சிக்கலாகத் தோன்றிய வரிகள் தெளிவாகக் கேட்கும். பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னியும் தாம் ஜேமர்சனிடம் கற்றதை வெளிப்படையாகச் சொன்னவர்தான்.

அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் (1951–1987) பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையோடு சொல்கிறேன், ஏனென்றால் நான் வழி தவறியது அவரிடம்தான். சார்லி பார்க்கர் 1947இல் சாக்ஸபோனில் பதிவுசெய்த 'டோனா லீ'யை, 1976இல் வெளிவந்த தம் முதல் தொகுப்பில், கொங்கா டிரம்மை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பேஸில் வாசித்தவர் அவர். அதைக் கேட்ட நாளிலிருந்து வேகம் ஒன்றே என் குறிக்கோளாயிற்று. கோயில் திருவிழாக் கச்சேரி ஒன்றில், மெதுவாகப் போகும் தாலாட்டுப் பாட்டுக்கு அடியில் அப்படி ஓடி ஓடி வாசித்தேன். இடைவேளையில் டிரம்ஸ் வாசித்த அண்ணன் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, பாடுறவங்க மூச்சு விடுற இடத்துல எல்லாம் நீ ஓடிக்கிட்டு இருக்கே. என் காலைக் கேளு" என்றார். கிக் டிரம்மை மிதிக்கும் காலைத்தான் சொன்னார். ஜாக்கோவே முதலில் டிரம்ஸ் வாசித்தவர், அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் மணிக்கட்டு அடிபட்ட பிறகு பேஸுக்கு வந்தவர் என்பதைப் பின்னாளில் படித்தபோது, அந்த அண்ணன் சொன்னதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது. ஜாக்கோவின் வேகத்துக்கு அடியில் ஒரு டிரம்மரின் கணக்கு இருந்தது, எனக்கு அது இல்லை.

அதனால் ஒரு மாதம் ஒத்திகையின்போதெல்லாம் கிக் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேஸ் வரியை வாயால் மட்டும் பாடினேன். எங்கள் தெருவில் மிருதங்கம் பயின்ற ஒருவர் அதன் இடப்புறமான தொப்பிப் பக்கத்தில் ரவைப் பசையை ஒட்டிப் பதம் பார்ப்பதையும் அருகிலிருந்து கவனித்தேன். பசை ஏற ஏறச் சுருதி இறங்கும்; உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தினால் ஒலி வளைந்து ஏறும்; கையைத் தோலிலேயே வைத்துவிட்டால் அந்த நொடியே அடங்கும். ஒலியை எங்கே முடிப்பது என்பதை அவர் ஒவ்வொரு அடியிலும் முடிவு செய்துகொண்டிருந்தார். அதுவரை என் இடது கை அடுத்த சுரம் வரும்வரை தந்தியை அப்படியே ஒலிக்க விட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்ற எனக்கு ஆறு மாதம் ஆனது, எங்கள் பாடகர் குழுவினர் முதன்முதலாக என் வாசிப்பைப் பாராட்டியதும் அதற்குப் பிறகுதான்.

ஓராண்டு பயின்ற உங்களுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரேயடியாக வேண்டாம். இந்த வாரம் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, நல்ல ஹெட்போனில், பேஸைத் தொடாமல் நான்கு முறை கேளுங்கள். முதல் முறை பாடுபவர் மூச்சு விடும் இடங்களையும், இரண்டாம் முறை கிக் டிரம்மையும், மூன்றாம் முறை பேஸையும் கேளுங்கள். நான்காம் முறை பேஸின் ஒவ்வொரு சுரமும் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். பிறகு அந்த வரியை வாயால் பாடிப் பார்த்துவிட்டு பேஸைக் கையில் எடுங்கள்.