ஆல்ஃபா குறைந்தால் கேள்வித்தாள் மோசமா?

கேள்வி: சார், உடற்பயிற்சி, தூக்கம், காய்கறி, புகை, மது எல்லாம் சேர்த்து 12 கேள்விகள் தயாரித்தேன். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.52 தான் வந்தது. 0.70 வேண்டும் என்கிறார் என் வழிகாட்டி. தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: பொறுங்கள். முதலில் எதிர்மறைக் கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டீர்களா என்று பாருங்கள். சிகரெட் எண்ணிக்கையை அப்படியே கூட்டினால் ஆல்ஃபா சரியும், மைனசுக்கே கூடப் போகும். நானே இதில் ஒரு வாரம் தொலைத்தவன்.

அது சரியாக இருக்கிறதென்றால், சிக்கல் வேறு இடத்தில். 1951இல் க்ரோன்பாக் விளக்கிய இந்த எண், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்க்கிறது. மனச்சோர்வு போல ஒரே வேரிலிருந்து கிளம்பும் அறிகுறிகளுக்கு அது பொருந்தும். பழக்கங்கள் அப்படி இல்லையே! தினமும் ஓடுகிறவர் ஐந்து மணி நேரம்தான் தூங்குவார். புகையைத் தொடாதவர் காய்கறியையும் தொடமாட்டார். இதற்குக் கேள்வித்தாள் என்ன செய்யும்? ஒரே பழக்கத்தைப் பல கேள்விகள் கேட்டால் அந்தப் பிரிவுக்கு மட்டும் ஆல்ஃபா போடுங்கள். மொத்தத் தாளுக்கு மறுசோதனைதான் சரி, அதாவது அதே ஆட்களிடம் அதே தாளைச் சில நாள் கழித்து மறுபடி கொடுத்துப் பார்ப்பது.

கேள்வி: மறுசோதனைக்கு எத்தனை நாள் இடைவெளி விடலாம்?

பதில்: பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம். சீக்கிரம் கேட்டால் பழைய பதில் நினைவில் இருக்கும். தள்ளிக் கேட்டால் பழக்கமே மாறியிருக்கும். இன்னொன்று: "கடந்த 7 நாட்களில்" என்று கேட்டால் இரண்டு முறையும் வெவ்வேறு வாரத்தைத்தான் கேட்கிறீர்கள். விடை மாறினால் தாள் தடுமாறியதா, ஆள் மாறினாரா என்று தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் உடலுழைப்புக் கேள்வித்தாள் "வழக்கமான ஒரு வாரம்" என்று கேட்கிறது.

கேள்வி: இரண்டு முறை விடைகளுக்கும் பியர்சன் தொடர்பு (இரண்டு எண் வரிசைகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) 0.95 வந்தது. போதுமா அண்ணா?

பதில்: போதாது தம்பி. இரண்டாம் முறை எல்லோருமே 30 நிமிடம் கூட்டிச் சொன்னாலும் பியர்சன் 1 என்றே காட்டும். நிமிடக் கணக்குக்கு ஐசிசி (ICC, உள்வகுப்புத் தொடர்புக் கெழு) போடுங்கள், அதிலும் இரண்டு எண்களும் அப்படியே ஒத்திருக்கின்றனவா என்று முழு ஒப்புமையைப் பார்க்கும் வகை. ஆம்/இல்லை விடைகளுக்கு, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒப்புமையைக் காட்டும் கோஹன் கப்பா.

கேள்வி: கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஆல்ஃபா ஏறுமாமே?

பதில்: ஏறும். அதே தரத்தில் 10 கேள்விகளை 20 ஆக்கினால் 0.60 என்பது 0.75 ஆகிவிடும். நிரப்புகிறவரின் பொறுமை அந்தக் கணக்கில் வராது.

கேள்வி: ஐசிசி நன்றாக வந்தால் விடைகள் உண்மை என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. மதுவைக் குறைத்துச் சொல்கிறவர் இரண்டு முறையும் ஒரே அளவில் குறைத்துச் சொல்வார். உண்மையைப் பார்ப்பது ஏற்புடைமைச் சோதனை. நடையளவுக்கு என்றால் இடுப்பில் அசைவை அளக்கும் முடுக்கமானி கட்டி ஒப்பிடுங்கள்.