டவுட்டா, சஸ்பெக்ட்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வந்திருந்த இன்வொய்ஸ் ஒன்றில் தொகை பிழை என்று பட்டது. முகாமையாளருக்கு ‘ஐ டவுட் தட் த இன்வொய்ஸ் இஸ் ரோங்’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் அன்றே பணத்தைக் கட்டச் சொல்லிவிட்டார். கேட்டால், ‘பிழை இராது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்’ என்கிறார். நான் எழுதியதில் என்ன பிழை?
– வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: முகாமையாளர் சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் எழுதிய வசனத்தின் பொருள், ‘அந்த இன்வொய்ஸ் பிழையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை’ என்பது. நீங்கள் சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிர். அதற்கு ‘ஐ சஸ்பெக்ட் தட் த இன்வொய்ஸ் இஸ் ரோங்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

இரண்டு சொல்லிலும் நிச்சயமின்மை உண்டு. ஆனால் மனம் சாயும் பக்கம் வேறு. ‘டவுட்’ என்றால் மனம் ‘இராது’ என்ற பக்கம் சாய்கிறது. ‘சஸ்பெக்ட்’ என்றால் ‘இருக்கும்’ என்ற பக்கம் சாய்கிறது. எழுதுமுன் உங்கள் எண்ணத்தைத் தமிழில் ‘இராது போல’ என்றோ ‘இருக்கும் போல’ என்றோ முடித்துப் பாருங்கள். முதலாவது பொருந்தினால் டவுட், இரண்டாவது பொருந்தினால் சஸ்பெக்ட்.

இந்தப் பிழைக்குக் காரணம் உங்கள் ஆங்கில அறிவுக் குறைவு அல்ல. தமிழில் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. ‘அவர் வருவாரா என்பது சந்தேகம்’ என்கிறோம். வரமாட்டார் என்ற எண்ணமே அதில் மேலோங்கி நிற்கிறது. ‘அவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகம்’ என்கிறோம். எடுத்தார் என்ற எண்ணம் மேலோங்குகிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பக்கத்தை நாங்கள் வினைமுடிவாலும் வேற்றுமை உருபாலும் காட்டிவிடுகிறோம். பெயர்ச்சொல்லோடு வரும்போது இது இன்னும் தெளிவு. ‘அவர் மேல் சந்தேகம்’ என்றால் சஸ்பெக்ட். ‘அவர் திறமையில் சந்தேகம்’ என்றால் டவுட். ‘மேல்’ வந்தால் ஒன்று, ‘இல்’ வந்தால் மற்றது என்பது பெரும்பாலும் கைகொடுக்கும்.

‘ஓ’ என்ற விகுதியை மட்டும் நம்பவேண்டாம். ‘வருவாரோ என்று சந்தேகம்’ என்பது டவுட். ‘எடுத்திருப்பாரோ என்று சந்தேகம்’ என்பதோ சஸ்பெக்ட். விகுதி ஒன்றுதான், பக்கம் வேறு. நாம் விரும்புகிற காரியம் நடக்காதோ என்ற எண்ணம் முதலாவது. விரும்பாதது நடந்துவிட்டதோ என்ற எண்ணம் இரண்டாவது.

இனி வசன அமைப்பு. ஒருவரைக் குற்றம் சார்ந்து சந்தேகிக்கும்போது ‘சஸ்பெக்ட்’டுக்குப் பின் ஆளும், அதன் பின் ‘ஒஃப்’பும், அதன் பின் ‘இங்’ வினையும் வரும்: ‘தே சஸ்பெக்ட் ஹிம் ஒஃப் டேக்கிங் த மணி’. ‘சஸ்பெக்ட் ஹிம் தட் ஹி டுக்’ என்பது பிழை. ‘டவுட்’டுக்குப் பின் ஆள் மட்டும் வந்தால், ‘ஐ டவுட் ஹிம்’, அவர் சொல்வதை நம்பவில்லை என்று மட்டுமே பொருள். அவர் குற்றம் செய்தார் என்பதல்ல. ‘டவுட் இஃப்’, ‘டவுட் வெதர்’ என்றால் நிச்சயமின்மை கூடுதலாகவும், ‘டவுட் தட்’ என்றால் நம்பாமை கூடுதலாகவும் தொனிக்கும். எதிர்மறையில் ‘தட்’ மட்டுமே இயல்பு: ‘ஐ டோன்ட் டவுட் தட் ஹி இஸ் ஒனஸ்ட்’. சாதாரணமாக ‘ஐ ஆம் டவுட்டிங்’, ‘ஐ ஆம் சஸ்பெக்டிங்’ என்று எழுதவேண்டாம். இவை மனநிலையைச் சொல்லும் வினைகள். ‘ஐ டவுட்’, ‘ஐ சஸ்பெக்ட்’ என்பதே போதும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாகவேண்டும். ‘ஐ சஸ்பெக்ட் ஹிஸ் மோட்டிவ்ஸ்’ என்றால் அவர் நோக்கத்தில் நம்பிக்கையில்லை என்று பொருள். நோக்கம், நேர்மை, உண்மைத்தன்மை போன்ற பெயர்கள் நேரே பின்தொடரும்போது ‘சஸ்பெக்ட்’டும் ‘டவுட்’டின் பக்கமே வந்துவிடுகிறது. ‘தட்’ வரும் வசனத்தில் இந்தக் குழப்பம் இல்லை.

கணக்குப் பிரிவில் வேலை செய்பவருக்கு எங்கள் ஆலோசனை, இரண்டு சொல்லையும் விட்டுவிடுங்கள் என்பதே. பணம் சம்பந்தப்பட்ட மின்னஞ்சலில் உங்கள் மனநிலையை விட நீங்கள் கண்டதுதான் முக்கியம். எந்த வரியில் எந்தத் தொகை கொள்வனவுக் கட்டளையோடு பொருந்தவில்லை என்று எழுதுங்கள். அதன் கீழே தனி வரியாக ‘ப்ளீஸ் ஹோல்ட் பேமென்ட்’ என்று போடுங்கள். அதை எவரும் தலைகீழாக வாசிக்க முடியாது.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். ‘ரீசனபிள் சஸ்பிஷன்’, ‘ரீசனபிள் டவுட்’ இரண்டையும் தமிழில் ‘நியாயமான சந்தேகம்’ என்றே எழுதுகிறார்கள். இது சரியா?
– வாசகர், புதுக்கடை

பதில்: வழக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது ஆபத்தான வழக்கம். இந்த இரண்டும் ஒரே ஆளை எதிரெதிர்த் திசையில் தள்ளுகின்றன.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமொன்றில் ஒருவர் சம்பந்தப்பட்டிருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் பொலிஸார் அவரைப் பிடியாணையின்றிக் கைதுசெய்யலாம். இது சஸ்பிஷன். ‘செய்திருப்பார்’ என்ற பக்கம். செய்தித்தாளில் வரும் ‘சந்தேகநபர்’ இந்தச் சொல்லிலிருந்து வந்தவர்.

வழக்கு விசாரணையில் வழக்குத் தொடுநர் தன் குற்றச்சாட்டை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கவேண்டும். இது டவுட். ‘செய்திராமலும் இருக்கலாம்’ என்ற பக்கம். அப்படியொரு சந்தேகம் எஞ்சினால் அதன் பலன் எதிரிக்கே, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே போகும், அவர் விடுவிக்கப்படவேண்டும். ஆகவே ஒரு நியாயமான சந்தேகம் ஆளை உள்ளே கொண்டுவருகிறது, மற்ற நியாயமான சந்தேகம் வெளியே அனுப்புகிறது. குற்றவாளி என நிரூபிக்கப்படும்வரை ஒருவர் சுற்றவாளி எனக் கொள்ளப்படவேண்டும் என்று அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை சொல்கிறது. சஸ்பிஷன் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது நிரூபணம் ஆகாது.

பரீட்சையிலும் மொழிபெயர்ப்பிலும் முதலாவதை ‘நியாயமான சந்தேகம்’ என்றும், இரண்டாவதை ‘நியாயமான ஐயம்’ என்றும் பிரித்து எழுதுவதை நாங்கள் விரும்புகிறோம். ‘ஐயம்’ இதற்குப் பொருத்தமானது. ‘ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு’ என்ற 353ஆம் குறளில் அது தெளிவுக்கு எதிரான நிலை. எவர்மீதும் குற்றம் சுமத்தவில்லை. ஆளின்மீது கொள்ளும் அவநம்பிக்கையை 510ஆம் குறள் ‘தெளிந்தான்கண் ஐயுறவு’ என்கிறது. அங்கே ‘கண்’ என்ற உருபு, மேலே நாங்கள் சொன்ன ‘மேல்’ செய்யும் வேலையைச் செய்கிறது.

கேள்வி: மகனுக்குக் காய்ச்சல். துண்டில் ‘சஸ்பெக்டட் டெங்கு’ என்று எழுதியிருக்கிறது. டெங்குவா இல்லையா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: டெங்குவாக இருக்கக்கூடும் என்று வைத்தியர் கருதுகிறார்; இன்னும் உறுதியாகவில்லை. அதை ‘டெங்கு என்பது சந்தேகம்தான்’ என்று வீட்டில் விளங்கிக்கொண்டு அலட்சியமாக இருந்துவிடக்கூடாது. வைத்தியர் ‘ஐ டவுட் இட் இஸ் டெங்கு’ என்று சொல்லியிருந்தால் மட்டுமே டெங்கு இராது என்று அர்த்தம்.

இந்தச் சொல்லுக்கு இங்கே நடைமுறைப் பலமும் உண்டு. இலங்கையில் டெங்கு, சந்தேக நிலையிலேயே அறிவிக்கப்படவேண்டிய நோய். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அறிவித்தல் படிவம் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குப் போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். 2017இல் பதிவான 186,000க்கும் மேற்பட்ட நோயாளர் எண்ணிக்கையும் ‘சஸ்பெக்டட்’ எண்ணிக்கைதான். எனவே துண்டில் அந்தச் சொல் இருக்கும்வரை டெங்கு என்றே நடந்துகொள்ளுங்கள். காய்ச்சலுக்கு வைத்தியர் சொன்ன அளவில் பரசிட்டமோல் மட்டும். இபுபுரோஃபென், அஸ்பிரின் கொடுக்கவேண்டாம். காய்ச்சல் குறைந்த பின் வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்வு வந்தால் குணம் என்று எண்ணாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ரியூஷன் வகுப்பில் ‘சேர், ஐ ஹேவ் எ டவுட்’ என்று கேட்கிறோம். பிழை என்கிறார்களே?
– மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: இலங்கையிலும் இந்தியாவிலும் வகுப்பறையில் எல்லோருக்கும் விளங்கும். வெளியே அப்படிச் சொன்னால், ஆசிரியர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். கேள்வி இருந்தால் ‘ஐ ஹேவ் எ குவெஸ்ஷன்’ என்று சொல்லுங்கள். விளங்காத இடத்தைக் குறிப்பிட்டால் இன்னும் நல்லது: ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் த தேர்ட் ஸ்டெப்’. ‘ஐ ஹேவ் டவுட்ஸ் அபௌட் திஸ் ஆன்சர்’ என்பது பிழையான ஆங்கிலம் அல்ல. அந்த விடை சரியல்ல என்று உண்மையிலேயே நினைக்கும்போது சொல்லவேண்டியது அது.

கேள்வி: ‘ஹி இஸ் சஸ்பிஷஸ்’ என்றால் அவர் சந்தேகப்படுகிறாரா, அவர் மேல் சந்தேகமா?
– வாசகர், தெமட்டகொடை

பதில்: இரண்டுமாக இருக்கலாம். பின்னால் ‘ஒஃப்’ வந்தால் சந்தேகப்படுபவர் அவரே: ‘ஹி இஸ் சஸ்பிஷஸ் ஒஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’. பொருளுக்கோ செயலுக்கோ அடைமொழியாக வந்தால் சந்தேகத்துக்கிடமானது: ‘எ சஸ்பிஷஸ் பார்சல்’. குழப்பம் வேண்டாமென்றால் ‘ஹி லுக்ஸ் சஸ்பிஷஸ்’ என்பதையும் தவிருங்கள். ‘டவுட்ஃபுல்’ ஆளைப் பற்றி வந்தால் அவருக்கு நிச்சயமில்லை. காரியத்தைப் பற்றி வந்தால் அது நடப்பது அரிது. ‘டியூபியஸ்’ காரியத்தைப் பற்றி வந்தால் அதில் ஏதோ சரியில்லை என்ற வாடையும் சேரும்.

உச்சரிப்பையும் கவனியுங்கள். ‘சஸ்பெக்ட்’ சந்தேகநபரைக் குறிக்கும் பெயராக வந்தால் அழுத்தம் முதல் அசையில். வினையாக வந்தால் இரண்டாம் அசையில்.

கேள்வி: ‘நோ டவுட்’, ‘வித்தவுட் டவுட்’ இரண்டும் ஒன்றா?
– வாசகி, மருதானை

பதில்: இல்லை. ‘வித்தவுட் டவுட்’ முழு நிச்சயம். ‘நோ டவுட்’ வசனத்தின் தொடக்கத்தில் வரும்போது பெரும்பாலும் ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற ஊகம் மட்டுமே. விண்ணப்பக் கடிதத்தில் நிச்சயத்தைச் சொல்ல ‘வித்தவுட் டவுட்’டையே பாவியுங்கள்.

கேள்வி: ‘டவுட்’டில் ஒலிக்காத ‘பி’ எதற்கு?
– மாணவர், பம்பலப்பிட்டி

பதில்: பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்து இல்லை. லத்தீனில் ‘டுபிடாரே’ என்பதே மூலம் என்று காட்ட, படித்தவர்கள் பின்னர் எழுத்தில் மட்டும் சேர்த்தார்கள், பேச்சு மாறவில்லை. ‘டெட்’ என்ற கடனைக் குறிக்கும் சொல்லிலும் அதே கதைதான். ‘டுபிடாரே’ இரண்டைக் குறிக்கும் ‘டுவோ’வோடு உறவுடையது, இரண்டு மனமாக நிற்பது. ‘சஸ்பெக்ட்’டின் லத்தீன் மூலத்துக்குக் கீழிருந்து மேலே பார்ப்பது என்று பொருள்.

ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் ‘ஐ டவுட்’ என்றால் ‘அப்படி இருக்குமோ என்று அஞ்சுகிறேன்’ என்றும் பொருள் இருந்தது. ஸ்கொட்லாந்துப் பேச்சில் இன்றும் அது உண்டு. பழைய நாடகம் படிக்கும்போது டவுட் வரும் இடத்தில் பொருள் தலைகீழாகத் தெரிந்தால், அங்கே சஸ்பெக்ட்டை வைத்து வாசித்துப் பாருங்கள்.